பாரம்பரிய யூதத் திருமணம்: நாள் குறிப்பதில் இருந்து ஏழாம் நாள் விருந்து வரை

யூதக் கல்யாணம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு காட்சிகள்: மாப்பிள்ளை கண்ணாடிக் குவளையை மிதித்து உடைப்பது, மணமக்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆடுவது. இரண்டுமே நடக்காமல் போனாலும் கல்யாணம் செல்லும். ஆனால் மோதிரம் போடும்போது நியமித்த சாட்சிகள் இருவரில் ஒருவர் பெண்ணின் சித்தப்பா என்று தெரிந்தால், கல்யாணமே கேள்விக்குள்ளாகிவிடும். எது சட்டம், எது வழக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் இந்தக் கல்யாணத்தைப் பதற்றமில்லாமல் நடத்த முடியும்.

இங்கே சொல்லப்போவது ஆர்த்தடாக்ஸ் முறை. அதிலும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாஸி யூதர்களின் வழக்கம், இஸ்ரேலில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்பெயின் வழிவந்த செபர்தி மற்றும் கிழக்கத்திய யூதர்கள் மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்கள் சாட்சி நிற்பதும், மணமக்கள் இருவரும் மோதிரம் மாற்றுவதும் உண்டு. அது தனிக் கதை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: மணமக்களில் ஒருவர் யூதர் இல்லையென்றால் இந்த முறையில் கல்யாணம் நடத்த வழியில்லை.

முதல் படி: மண்டபத்துக்கு முன் ரப்பி

கல்யாணத்தை நடத்தி வைப்பவரை மெஸாதேர் கித்துஷின் என்பார்கள். பெரும்பாலும் ரப்பி, அதாவது யூத மதகுருதான். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இவரைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் தடைகள் ஏதும் இருந்தால் அங்கேதான் தெரியவரும். மாப்பிள்ளை கோஹேன், அதாவது ஆரோனின் வழிவந்த ஆசாரியர் குலத்தவர் என்றால், விவாகரத்தான பெண்ணையோ மதம் மாறி வந்த பெண்ணையோ அவர் மணக்க முடியாது. பெண் ஏற்கெனவே மணமானவள் என்றால் சிவில் விவாகரத்து மட்டும் போதாது. கெத் என்ற மதமுறை விடுதலைப் பத்திரம் கையில் இருக்க வேண்டும். அதன் பிறகும் சுமார் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விதவைக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு.

இந்தச் சந்திப்பிலேயே பேச வேண்டிய இன்னொரு விஷயம், கல்யாணத்துக்கு முந்தைய ஒப்பந்தம். கணவன் கெத் கொடுக்க மறுத்தால் மனைவி மறுமணம் செய்ய முடியாமல் காலம் முழுக்கக் கட்டுண்டு கிடப்பாள். அப்படிப்பட்ட பெண்ணை அகுனா என்பார்கள். இதைத் தடுக்க, பிரிந்த பிறகும் கெத் தராமல் இழுத்தடித்தால் நாள்கணக்கில் ஜீவனாம்சப் பணம் ஏறிக்கொண்டே போகும் என்று கணவன் முன்கூட்டியே எழுதித் தரும் பத்திரத்தை அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் ரப்பிகள் 1990களில் வகுத்தார்கள். கல்யாண நேரத்தில் இதைப் பேசுவது சங்கடம்தான். பேசியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. இதில் கையெழுத்து இல்லாமல் கல்யாணம் நடத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லும் ரப்பிகளும் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: நாள்

யூத மாதங்கள் சந்திரனைப் பின்பற்றுபவை. நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. எனவே வியாழன் இரவு நடக்கும் கல்யாணம் அவர்கள் கணக்கில் வெள்ளிக்கிழமைக் கல்யாணம். பத்திரத்தில் தேதி எழுதும்போது இது பெரிய விஷயமாகிவிடும்.

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஷப்பாத் என்ற ஓய்வு நாள், கல்யாணம் கிடையாது. பெருநாட்களிலும் கிடையாது. பஸ்கா, கூடாரப் பண்டிகை ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் இடையில் வரும் சாதாரண நாட்களிலும் கிடையாது, காரணம் ஒரு சந்தோஷத்தோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாது என்ற விதி. பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து 49 நாட்கள் எண்ணும் ஓமர் காலம் பெரிய தலைவலி. பழங்கால அறிஞர் ரப்பி அகிவாவின் 24,000 மாணவர்கள் அந்த நாட்களில் இறந்ததாக யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத் சொல்கிறது. அந்தத் துக்கம் இன்றும் தொடர்கிறது. எந்தப் பகுதியைத் தவிர்ப்பது என்பதில் சமூகத்துக்குச் சமூகம் கணக்கு வேறு. அஷ்கெனாஸிகளில் பலர் 33ஆம் நாள் வரை நிறுத்துவார்கள், செபர்திகள் 34ஆம் நாள் காலை வரை. வேறு சிலர் இயார் மாதத் தொடக்கத்தில் நிறுத்தி ஷாவுவோத் பண்டிகை நெருங்கும்போதுதான் மறுபடி தொடங்குவார்கள். அந்த 33ஆம் நாளான லாக் பாஓமர் அன்று கல்யாணங்கள் குவியும், மண்டபம் கிடைப்பது கஷ்டம். பெண் வீடு ஒரு வழக்கம், மாப்பிள்ளை வீடு ஒரு வழக்கம் என்றால் ரப்பி சொல்வதுதான் முடிவு.

அடுத்த தடை கோடையில். தம்மூஸ் 17 முதல் ஆவ் 9 வரை மூன்று வாரங்கள், எருசலேம் ஆலயம் இரண்டு முறை அழிந்ததற்கான துக்க காலம். ஆங்கில மாதக் கணக்கில் இது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வரும். ஆடியில் கல்யாணம் வைக்காத நம் வீடுகளுக்கு இந்தக் கணக்கு புதிதாகவே இருக்காது, காரணம்தான் வேறு. துக்கம் முடிந்த ஆறாம் நாள், ஆவ் 15, மிகவும் விரும்பப்படும் நாள். அந்தக் காலத்தில் எருசலேம் பெண்கள் வெள்ளை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் ஆடப்போன நாள் அது என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா.

நல்ல கிழமை என்று கேட்டால் செவ்வாய். ஆதியாகமத்தில் மூன்றாம் நாள் படைப்பைச் சொல்லும்போது 'நல்லது' என்று இரண்டு முறை வருகிறது. வளர்பிறையை விரும்புகிறவர்களும் உண்டு. இவையெல்லாம் விருப்பம் மட்டுமே. ஞாயிறோ புதனோ வைத்தால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். சனி இரவு வைப்பதென்றால் கொஞ்சம் யோசியுங்கள்: ஜூன் மாதம் எருசலேமில் ஷப்பாத் முடியவே எட்டரை மணி ஆகிவிடும். அதன் பிறகுதான் சமையல்காரர்களும் வாத்தியக்காரர்களும் வண்டி ஏறுவார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு, பெண்ணைத் தனியே கேட்க வேண்டிய ஒன்று மிச்சம் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பின் ஏழு சுத்த நாட்கள் எண்ணி, கல்யாணத்துக்கு முன் மிக்வே என்ற சடங்குக் குளத்தில் அவள் மூழ்கி எழ வேண்டும். நாள் தப்பினாலும் கல்யாணம் நின்றுவிடாது. ஆனால் அன்றிரவு தம்பதி தனியாக இருக்க முடியாது. எனவே அவள் உடல் கணக்கைப் பொறுத்தே தேதி அமையும். இதைப் பெண்ணும், மணமகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையும் பேசி முடிப்பார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்காமல் அவர்கள் சொன்ன தேதிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது மரியாதை.

மூன்றாம் படி: பதிவு

இஸ்ரேலில் யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி ரப்பி நீதிமன்றங்களின் கையில் இருக்கின்றன. உள்நாட்டில் சிவில் திருமணம் கிடையாது. வேண்டுமென்பவர்கள் சைப்ரஸுக்குப் போய் மணந்து வந்து பதிவு செய்துகொள்கிறார்கள். பாரம்பரிய முறையில் நடத்துவோர் உள்ளூர் மதக் கவுன்சிலில் பதிய வேண்டும். அடையாள அட்டை, பெற்றோரின் திருமணப் பத்திரம், மணமக்கள் இதற்கு முன் மணமாகாதவர்கள் என்று சொல்ல இரண்டு சாட்சிகள் ஆகியவை தேவைப்படும். வெளிநாட்டில் பிறந்தவர்கள் தாங்கள் யூதர் என்று நிரூபிப்பதற்குள் சில சமயம் மாதங்கள் ஓடிவிடும். பழைய ஜெப ஆலயத்திலிருந்து கடிதம், பாட்டியின் கல்லறைப் படம் வரை கேட்பார்கள். ஆகவே இந்த வேலையை முதலில் தொடங்குங்கள். பதிவு செய்யாமல் ரகசியமாக மதச் சடங்கு நடத்தினால் 2013க்குப் பிறகு அது சிறைத் தண்டனை வரை போகும் குற்றம்.

நியூயார்க்கில் நடத்துவதாக இருந்தால் வழி வேறு. அரசு உரிமம் தனியாக வாங்க வேண்டும். உரிமம் கிடைத்து 24 மணி நேரம் கழித்துத்தான் கல்யாணம், 60 நாளுக்குள் நடத்தியாக வேண்டும்.

நான்காம் படி: இடம்

ஹுப்பா என்பது நான்கு கம்பங்களில் கட்டிய துணிப் பந்தல். அஷ்கெனாஸிகள் அதைத் திறந்த வானத்தின் கீழ் நிறுத்துவார்கள். உன் சந்ததி நட்சத்திரங்களைப் போல் பெருகும் என்று ஆபிரகாமுக்குச் சொன்ன வாக்கு அதில் இருக்கிறது. நியூயார்க்கில் சில மண்டபங்களின் கூரையில் இதற்காகவே திறந்து மூடும் பகுதி வைத்திருக்கிறார்கள். செபர்திகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, மாப்பிள்ளையின் தால்லித் என்ற தொழுகைத் துணியையே தலைக்கு மேல் பிடித்துவிடுவதும் உண்டு.

மண்டபம் பார்க்கும்போது அலங்காரத்தைவிட முக்கியமாக நான்கு கேள்விகள் கேளுங்கள். உணவு யூத விதிப்படியானது என்று சொல்லும் கோஷர் சான்று யாருடையது? அதை இரண்டு குடும்பமும் ஏற்றுக்கொள்ளுமா? ஆண், பெண் ஆட்டத்துக்கு நடுவே மெஹிட்சா என்ற தடுப்பு வைக்க இடமிருக்கிறதா? உள்ளிருந்து பூட்டக்கூடிய சிறு அறை ஒன்று கிடைக்குமா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த அறை எதற்கு என்பது பின்னால் வரும்.

ஐந்தாம் படி: சாட்சிகள், கெத்துபா, மோதிரம்

கல்யாணத்தின் உயிர் இந்த மூன்றில்தான் இருக்கிறது. இதற்குக் கொடுக்க வேண்டிய நேரத்தைப் பூவேலைக்குக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

சாட்சிகள் இரண்டு பேர். வயது வந்த யூத ஆண்கள், ஷப்பாத் கடைப்பிடிப்பவர்கள், மணமக்களுக்கோ ஒருவருக்கொருவரோ உறவாக இருக்கக் கூடாது. பெண்ணின் மாமா பெரிய பண்டிதராக இருக்கலாம், சாட்சிக்கு ஆகாது. கெத்துபா என்ற கல்யாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இருவர், மோதிரம் போடுவதைப் பார்க்க இருவர், தனியறை வாசலில் நிற்க இருவர். ஒரே ஜோடியே மூன்றையும் செய்யலாம், வெவ்வேறு பேருக்கும் கொடுக்கலாம். தூரத்து உறவு குழப்பம் வரும் என்பதால் பெயர்ப் பட்டியலை ரப்பியிடம் முன்பே காட்டிவிடுங்கள்.

கெத்துபா அரமேய மொழியில் எழுதிய பத்திரம். மனைவிக்குக் கணவன் செய்ய வேண்டிய கடமைகளும், விவாகரத்தோ மரணமோ நேர்ந்தால் அவளுக்குச் சேர வேண்டிய தொகையும் அதில் இருக்கும்: முதல் கல்யாணப் பெண்ணுக்கு 200 சூஸ் (பழங்கால வெள்ளிக்காசு), விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும் 100. காதல் வரிகளை எதிர்பார்த்துப் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், அது முழுக்கக் கணக்கு வழக்கு. ஓவியம் வரைந்த அழகான கெத்துபா வேண்டுமென்றால் கலைஞரிடம் மாதங்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். எழுதி முடித்த வாசகத்தை அச்சுக்கு முன் ரப்பி பார்த்தாக வேண்டும். இருவரின் எபிரேயப் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். சூரியன் மறைவதற்கு முன் கையெழுத்து, மறைந்த பின் மோதிரம் என்று போனால் தேதி இடிக்கும். எந்தத் தேதி எழுதுவது என்று முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

மோதிரம் கல் பதிக்காத, வேலைப்பாடு இல்லாத உலோக வளையம். கல் இருந்தால் அதன் மதிப்பைப் பெண் தவறாக நினைத்து ஒப்புக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகம் வரும். மோதிரம் மாப்பிள்ளையின் சொந்தச் சொத்தாக இருக்க வேண்டும். அம்மாவின் பழைய மோதிரத்தைப் போட ஆசை என்றால், அதை முறைப்படி அவனுக்கே பரிசாகக் கொடுத்துவிட வேண்டும். இரவல் கூடாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பெருத்தா, அதாவது பழங்காலத்தின் மிகச்சிறிய செப்புக்காசு, அவ்வளவு மதிப்பு இருந்தால் போதும்.

ஆறாம் படி: சாப்பாடு

இறைச்சி விருந்துதான் வழக்கம். அப்படியென்றால் பால், வெண்ணெய், பால் ஐஸ்கிரீம் எதுவும் மேசைக்கு வராது. இனிப்பு முழுக்கப் பால் கலக்காததாக இருக்கும். சமையலறையில் மஷ்கியாஹ் என்ற மேற்பார்வையாளர் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிற்பார். வீட்டிலிருந்து செய்த பலகாரத்தை அன்போடு கொண்டு வந்தாலும் உள்ளே விட மாட்டார். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

ஒயினில் ஒரு நுணுக்கம். சாதாரணக் கோஷர் ஒயினை யூதர் அல்லாத பரிமாறுபவர் ஊற்றினால் கண்டிப்பானவர்கள் குடிக்க மாட்டார்கள். ஆகவே சூடாக்கிப் பக்குவம் செய்த மெவுஷால் வகையை வாங்கிவிட்டால் யார் ஊற்றினாலும் கவலையில்லை. பாட்டிலில் எழுதியிருக்கும்.

ஏழாம் படி: உடை, அழைப்பிதழ்

பெண்ணின் கவுன் முழங்கைக்குக் கீழே வரை கை வைத்து, கழுத்தெலும்பை மூடி இருக்க வேண்டும். கடையில் வாங்கி வெட்டித் தைப்பதைவிட கெமாஹ் எனப்படும் இரவல் நிலையங்களில் பார்ப்பது நல்லது. இலவசமாகவோ சலவைச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டோ கவுன் தருவார்கள். வசதியுள்ள வீட்டுப் பெண்களும் அங்கே எடுப்பது சகஜம். மாப்பிள்ளையின் கோட்டில் கம்பளியும் லினனும் கலந்திருக்கக் கூடாது. உபாகமம் அதைத் தடுக்கிறது. துணியைச் சோதித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

அழைப்பிதழில் எபிரேயத் தேதியைத் தவறாமல் போடுங்கள். எரேமியா 33ல் வரும் மணமகன், மணமகள் குரல் பற்றிய வரி பெரும்பாலும் தலைப்பில் இருக்கும். நேரம் இரண்டு போட வேண்டும்: வரவேற்பு எத்தனை மணி, ஹுப்பா எத்தனை மணி. இஸ்ரேலில் விருந்தினர்கள் முதல் நேரத்தைக் கண்டுகொள்வதில்லை. பரிசு அங்கே பணமோ காசோலையோதான், உறை போட நுழைவாயிலில் ஒரு பெட்டகம் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் 18இன் மடங்காகக் கொடுப்பது வழக்கம்.

எட்டாம் படி: முந்தைய வாரம்

அஷ்கெனாஸி மாப்பிள்ளை முந்தைய ஷப்பாத்தில் ஜெப ஆலயத்தில் தோரா என்ற வேதச் சுருளை வாசிக்க அழைக்கப்படுவார். மேலேயிருந்து மிட்டாய் மழை பொழியும். மென்மையான மிட்டாயாக வாங்குங்கள். மொராக்கோ, யெமன் வழிவந்தவர்கள் மருதாணி இரவு நடத்துவார்கள். யெமன் மணப்பெண்ணின் உயரமான தலையணியையும் நகைகளையும் வாடகைக்கு எடுத்து உடுத்திவிடத் தனியாக ஆட்கள் இருப்பதால் அதையும் முன்பதிவு செய்ய வேண்டும். நமக்குப் பக்கத்தில் கொச்சியில் வாழ்ந்த யூதர்களின் கல்யாணத்தில் தாலியும் இருந்தது, பெண்கள் மலையாளத்தில் பாடும் கல்யாணப் பாட்டுகளும் இருந்தன. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

பல குடும்பங்களில் மணமக்கள் கடைசி ஒரு வாரம் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. இருவருக்கும் இடையில் செய்தி சொல்ல ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: அந்த நாள்

மணமக்களுக்கு அது ஒரு சின்ன யோம் கிப்பூர், அதாவது பாவமன்னிப்பு நாள். விடிந்ததிலிருந்து ஹுப்பா வரை விரதம், பிற்பகல் தொழுகையில் பாவ அறிக்கை. மாத முதல் நாள் போன்ற சில நாட்களில் விரதம் இல்லை. பட்டினியாக இருப்பவர்களை வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்திப் படம் எடுக்கும் புகைப்படக்காரரைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள்.

மாலை ஆறரைக்கு வரவேற்பு என்று வைத்துக்கொள்வோம். பெண் ஒரு பக்கம் அலங்கார நாற்காலியில். மாப்பிள்ளை மறுபக்கம் மேசையில், சுற்றிலும் பாட்டு. அவர் ஏதாவது வேத விளக்கம் சொல்லத் தொடங்கினால் நண்பர்கள் வேண்டுமென்றே பாடிக் கெடுப்பார்கள். இங்கேதான் கெத்துபாவின் கையெழுத்து. ரப்பியின் கைக்குட்டையை மாப்பிள்ளை பிடித்துத் தூக்கிக் கடமைகளை ஏற்கிறார், சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். இரண்டு அம்மாக்களும் சேர்ந்து ஒரு பீங்கான் தட்டை உடைப்பதும் சில வீடுகளில் இப்போதே நடக்கும்.

அப்புறம் பெதெக்கன். மாப்பிள்ளையை ஆடிப் பாடி அழைத்துவந்து, பெண்ணின் முகத்தைப் பார்த்து அவரே முகத்திரையை இறக்குகிறார். ஈசாக்கைக் கண்டதும் ரெபெக்காள் முக்காடிட்டாள் என்கிறது ஆதியாகமம். யாக்கோபுக்கு ராகேலுக்குப் பதில் லேயாளைக் கட்டிவைத்த கதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஹுப்பாவுக்கு முதலில் மாப்பிள்ளை, பின்னால் பெண், இருவரையும் பெற்றோர் அழைத்து வருகிறார்கள். பல மாப்பிள்ளைகள் கிட்டெல் என்ற வெள்ளை அங்கி அணிந்திருப்பார்கள். பெண் அவரை ஏழு முறை சுற்றுகிறாள். நீளமான பின்தொங்கலைத் தூக்கிப் பிடிக்க அம்மாக்கள் கூடவே சுற்றுவார்கள், ஆகவே பந்தலுக்குள் இடம் விட்டு மேசை போடுங்கள். ஒயின் மீதான ஆசீர்வாதம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வலது கை ஆள்காட்டி விரலில் மோதிரம் போட்டு, 'மோசேயின், இஸ்ரவேலின் சட்டப்படி இந்த மோதிரத்தால் நீ எனக்கென்று நியமிக்கப்பட்டவள்' என்று எபிரேயத்தில் சொல்கிறார். சாட்சிகள் பார்க்கும்படி முகத்திரையும் கூட்டமும் மறைக்காமல் இருக்க வேண்டும். இது கித்துஷின், அதாவது நிச்சயம். அடுத்த பாதி நிசுயின், கல்யாணத்தின் நிறைவு. பழங்காலத்தில் இரண்டுக்கும் நடுவே ஓராண்டு வரை இடைவெளி இருந்தது. இன்று அந்த இடைவெளியின் இடத்தில் கெத்துபாவைச் சத்தமாக வாசிக்கிறார்கள்.

பிறகு ஏழு ஆசீர்வாதங்கள். இவற்றைச் சொல்லும் மரியாதையை யார் யாருக்குக் கொடுப்பது என்பதில் மனஸ்தாபம் வராத குடும்பம் அபூர்வம். இரு வீட்டாரும் உட்கார்ந்து பட்டியல் போட்டு, பெயர் சொல்லி அழைப்பவர் கையில் அட்டையாகக் கொடுத்துவிடுங்கள். கேட்க பத்து ஆண்கள் அடங்கிய மினியன் வேண்டும். முடிவில் குவளை உடைகிறது. தால்முத்தில் ஒரு ரப்பி தன் மகன் கல்யாணத்தில் கூத்து அளவுமீறியதைக் கண்டு 400 சூஸ் மதிப்புள்ள கோப்பையைப் போட்டு உடைத்த கதை உண்டு. எருசலேமை மறந்தால் என் வலது கை தன் தொழிலை மறக்கட்டும் என்ற 137ஆம் சங்கீதத்தையும் இந்த நேரத்தில் பாடுவார்கள். மெல்லிய கண்ணாடியைத் துணியில் சுற்றி வையுங்கள். சத்தம் கேட்ட நொடியில் எல்லாரும் மஸால் தோவ் என்று வாழ்த்திக் கத்துவார்கள், வாத்தியம் உடனே தொடங்க வேண்டும். குழுவுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

இப்போது அந்தச் சிறு அறை. மணமக்கள் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள, இரண்டு சாட்சிகள் வாசலில் நிற்பார்கள். சில நிமிடத் தனிமை, யிஹுத். விரதம் முடிப்பது இங்கேதான், ஆகவே முன்கூட்டியே சாப்பாடு வைத்திருக்க வேண்டும். செபர்திகள் பெரும்பாலும் மண்டபத்தில் இதைச் செய்வதில்லை.

அவர்கள் வெளியே வந்ததும் ஆட்டம். மணமக்களைச் சந்தோஷப்படுத்துவது விருந்தினரின் கடமை என்பதால் முகமூடி, நெருப்பு வித்தை, கயிறு தாண்டுதல் எல்லாம் நடக்கும். எருசலேமின் பழைய குடும்பங்கள் சில, ஆலய அழிவின் நினைவாக, முரசு தவிர வேறு வாத்தியம் வைப்பதில்லை. விருந்து முடிவில் உணவுக்குப் பின் சொல்லும் நன்றித் தொழுகையும், மீண்டும் அதே ஏழு ஆசீர்வாதங்களும்.

பத்தாம் படி: அடுத்த ஏழு நாள்

தேனிலவுக்கு மறுநாளே விமானம் பிடிப்பது இங்கே வழக்கமில்லை. ஏழு நாள் உறவினரும் நண்பர்களும் மாறி மாறி விருந்து வைப்பார்கள். ஏழு ஆசீர்வாதங்கள் சொல்ல மினியனும், முந்தைய விருந்துகளுக்கு வராத புது முகம் ஒன்றும் வேண்டும். ஷப்பாத்துக்கு மட்டும் புது முகம் தேவையில்லை. எந்த நாள் யார் வீடு, புது ஆள் யார் என்று கல்யாணத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கல்யாணம் சூரியன் மறைவதற்குள் முடிந்திருந்தால் அன்றே முதல் நாள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கவுனைச் சலவை செய்து கெமாஹில் திருப்பிக் கொடுங்கள். கெத்துபா மனைவியின் சொத்து. கல்யாண இரவில் அவள் அம்மாவிடம் பத்திரமாக இருக்கும், பிறகு அவளிடம் போய்ச் சேர வேண்டும். சுவரில் மாட்டுவதானால் ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்துவிட்டால், ரப்பியிடம் போய்ப் புதிய பத்திரம் எழுதி வாங்கும் வரை தம்பதி சேர்ந்து வாழக் கூடாது என்பது சட்டம்.